வாவுக்கும் வாங்கவுக்கும் நடுவில்

எங்கள் மாவட்டத்தில் சக்கர நாற்காலிகள் அழைத்தால்தான் நகரும். தள்ளினால் நகராது. சிறுவர் நாற்காலிக்கு ‘வா’, பெரியவர் நாற்காலிக்கு ‘வாங்க’. இரண்டு சொல்லையும் தருவது ஒரே அலுவலகம். கீழே சிறுவர் பிரிவு, மாடியில் பெரியவர் பிரிவு. மாடிக்குப் படிக்கட்டு மட்டும்தான். அதைக் கட்டிய புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

என் மகன் கோமதிநாயகத்துக்குப் பதினெட்டு முடிந்த அன்று அவனைப் பயிற்சி நிலையத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே கைகாலை நீட்டி மடக்கிவிடுவார்கள். இரண்டு நாள் விட்டுப்போனால் கால் கட்டையாக இறுகிவிடும். வலியில் அவன் பல்லைக் கடிப்பதை என்னால் பார்க்க முடியாது. ரேஷன் கடைக்கு எதிரே, நடுத்தெருவில், அவனுடைய ‘வா’ காலாவதியாகி நாற்காலி நின்றுவிட்டது. அங்கே ஏற்கெனவே ஒரு பெண் தன் நாற்காலியில் நின்றுபோயிருந்தாள். அவள் வீட்டார் மேலே ஓலைப்பந்தல் போட்டிருந்தார்கள். நிழலில் இவனுக்கும் கொஞ்சம் கொடுத்தாள்.

நான் அலுவலகத்துக்கு ஓடினேன்.

“பதினெட்டு ஆயிட்டுல்லா? இனி வான்னு கூப்பிட்டா மரியாதைக் குறைவும்மா,” என்றார் கீழ்த்தள அதிகாரி. நடுத்தெருவில் நிற்க வைப்பது அவருக்கு மரியாதைக் குறைவாகத் தெரியவில்லை.

மாடி அதிகாரி, “அவங்க நேர்ல வரணும். வந்தாத்தான் வாங்கன்னு சொல்ல முடியும்,” என்றார்.

“வாங்கன்னு சொன்னாத்தான சார் அவன் வர முடியும்?”

“பெத்த தாயே அவன் இவன்னு பேசுதீங்க. நாங்க எப்படிப் பெரியவர்னு ஏத்துக்கிட?”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியே மாடியில் உட்கார்ந்துகொண்டு மேலே வா என்கிறது. தெருவுக்குத் திரும்பி, நாயகத்தின் முன்னால் நின்று, “வாங்க,” என்றேன். நாற்காலி அசையவில்லை. அவன் முகம் சுண்டிவிட்டது.

“எம்மா, எங்கிட்டயா பேசுத?”

பெற்ற பிள்ளைக்கு என்னை அந்நியமாக்கிய அந்த மனிதரை நான் மன்னிக்கப் போவதில்லை.

அந்தத் தெரு டீக்கடை சண்முகவேல் அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மூன்றாம் நாள்தான் திரும்பினார். அதற்குள் நாயகத்தின் கால் இறுகிவிட்டது. அண்ணாச்சி எந்த ஆம்பளையையும் ‘வா’ என்றும் சொல்லமாட்டார், ‘வாங்க’ என்றும் சொல்லமாட்டார்.

“என்னவே நாயகம், வெயில்ல வாடிக் கெடக்கீரு. இங்கிட்டு வாரும்.”

நாற்காலி நகர்ந்தது. ‘வாரும்’ எந்தப் பிரிவிலும் சேர்ந்ததில்லை. அதனால் அந்தச் சொல்லை நிறுத்தி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. பெண்களை அவர் ‘வாரும்’ என்று கூப்பிட்டுப் பழக்கமில்லாததால் அந்தப் பெண் பந்தலிலேயே இருந்தாள்.

அண்ணாச்சி முன்னால் நடந்து, “வாரும், வாரும்,” என்று கூப்பிடக் கூப்பிட, நாற்காலி படியேறி மாடி அதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்றது.

“அனுமதியில்லாத சொல்லுல வந்தது வந்ததா ஆகாது. அவங்க இன்னும் வரலை,” என்றார் அதிகாரி.

“முன்னாலதான இருக்கான்! அவன் காலைப் பாருங்க சார்!” என்று கத்தினேன்.

“வராதவரை எப்படிம்மா பாக்கது?” என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

நாயகம் மட்டும் நிதானமாக இருந்தான்.

“விடும்மா. நான் வரலைன்னா என்னைய யாரு வெளிய போகச் சொல்ல முடியும்? அண்ணாச்சி, அந்த ஜன்னலுக்குக் கூப்பிடுங்க.”

மேசைக்குப் பின்னால் இருந்த அந்த ஜன்னலில் இருந்துதான் அதிகாரிகள் ஊருக்கு ‘வாங்க’ சொல்வது; அங்கிருந்து சொன்னால்தான் அது செல்லும். அண்ணாச்சி கூப்பிட்டார். நாயகம் தலையை வெளியே நீட்டி, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி, “எல்லாரும் வாங்க!” என்றான்.

தெருத்தெருவாக நின்றிருந்த நாற்காலிகள் கிளம்பிப் படியேறின. பந்தல்காரப் பெண் முதல் ஆளாக வந்தாள். நாற்காலிகளுக்குப் பின்னால் பயிற்சி நிலையமும், ஓட்டுக்கூரையும் தண்ணீர்த்தொட்டியுமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. நாங்கள் அதன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம்.