காம்பு கிள்ளிய பூ

1934 ஜனவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் சபையார் பதினான்கு பேர் கொல்லத்துக்கு உல்லாசப் பயணம் போனோம். ஏற்பாடு செய்தவர் வில்சன் வாத்தியார். படையிலிருந்து சுபேதாராக ஓய்வுபெற்ற என்னைத் தலைவராகப் போட்டார்கள். என் தம்பி ஞானரத்தினத்தின் மனைவி தேவகிருபையும் வந்தாள். பதினேழு வருடமாக வெள்ளைச் சேலை உடுத்துபவள். அவளைக் கூட்டிப்போக எனக்கு மனமில்லை. "கடலை ஒருக்காப் பாத்துட்டு வாரேன் அத்தான்" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். எதையுமே கேட்டிராதவளிடம் மறுப்பது எப்படி?

என் தம்பியைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். 1916இல் பாஸ்ராவுக்குப் போன படையில் அவன் இருந்தான். காணவில்லை என்று முதலில் ஒரு கடிதம் வந்தது. போர்முனையிலிருந்து ஓடிப்போய்விட்டான் என்று இரண்டாவது கடிதம் வந்தது. மூன்று தலைமுறையாக ராணுவத்தில் பெயர் வாங்கிய குடும்பம் எங்களுடையது. அப்பா இரண்டாவது கடிதத்தை அடுப்பில் போட்டார். முதல் கடிதத்தைச் சபையில் வாசிக்கச் செய்து, செத்துவிட்டான் என்று கல்லறைத் தோட்டத்தில் அவன் பெயருக்கு ஒரு கல் நட்டார். வருடா வருடம் பிப்ரவரியில் அங்கே ஜெபம் நடக்கும். பூ வைக்கும்போது காம்பை நகத்தால் கிள்ளிவிட்டுத்தான் வைப்போம். கல்லறைப் பூவுக்குக் காம்பு ஆகாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். வேறு எவரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. உயிரோடிருக்கும் புருஷனின் பெயரை எங்கள் பெண்கள் வாயால் சொல்லமாட்டார்கள். செத்தவன் பெயரை ஆண்டு ஜெபத்தில் மனைவிதான் முதலில் சொல்ல வேண்டும். தேவகிருபை ஒரு வருடமும் தவறாமல் சொன்னாள்.

1919இல் அவன் திரும்பி வந்தான். மத்தியான வெயிலில் கொல்லைப்புற வேலியருகே நின்றான். தேவகிருபை அந்த வாரம் வத்திராயிருப்பில் தன் தாய் வீட்டில் இருந்தாள். அப்பா வெளியே வரவில்லை. நான்தான் போனேன். "உனக்குக் கல் நட்டாச்சு. செத்தவன் வீட்டுக்கு வரக்கூடாது" என்றேன். அவன் வாதாடவில்லை. "அவ?" என்று மட்டும் கேட்டான். நான் வேலிப் படலை இழுத்துச் சாத்தினேன். வந்த வழியே போய்விட்டான்.

இது அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. அப்பாவுக்குப் பிறகு எனக்கு மட்டும்.

செங்கோட்டை தாண்டி மலைக்குள் ரயில் நுழைந்ததும் வில்சன், "கிருபாபாய் அக்கா, கண்ண மூடிக்கிடுங்க, குகை வருது" என்றார்.

"தொறந்து வச்சாலும் இருட்டுதானலே" என்றாள் எங்கள் சபையின் வாயாடியான அவள். பெட்டியே சிரித்தது. தேவகிருபையும் சிரித்தாள். அவள் சிரித்து அதற்கு முன் எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை தங்கசேரிக் கோட்டையையும் லைட்ஹவுஸையும் பார்த்துவிட்டுக் காயல் என்னும் உப்பங்கழியில் மோட்டார் போட்டில் ஏறினோம். இடங்களைச் சொல்லிக்கொண்டு வர ஒரு ஆள். ராபர்ட் என்றார்கள். கிழக்கிலிருந்து வரும் தமிழர்களுக்கெல்லாம் அவன்தானாம். நரைத்த தாடி, தலையில் ஓலைத் தொப்பி. போட்டின் முனையில் நின்று வாயைத் திறந்தான். என் அப்பாவின் குரல் வந்தது.

அவனும் என்னைப் பார்த்தான். கையிலிருந்த கயிறு நழுவியது, குனிந்து எடுத்துக்கொண்டான்.

நான் தேவகிருபையைப் பின்னால், இஞ்சின் பக்கம் உட்காரச் சொன்னேன். "அங்கே தண்ணி தெறிக்காது" என்றேன். எட்டு மாதம் மட்டுமே அவனோடு வாழ்ந்தவள். இந்தத் தாடியும் இஞ்சின் சத்தமும் போதும் என்று கணக்குப் போட்டேன்.

"இந்தக் காயலுக்கு எட்டு கிளை. நாம பாக்கப்போறது ரெண்டுதான்" என்றான் அவன். "மிச்ச ஆறையும் பாக்கணும்னா இங்கனயே பொண்ணு கட்டி இருந்துரணும்."

"நீரு கட்டுனீரா?" என்றாள் கிருபாபாய்.

"எனக்கு ஊர்லயே ஆயிட்டும்மா."

"எந்த ஊரு? பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சால்லா இருக்கு."

"கெழக்கதான். இம்புட்டுத் தண்ணி இல்லாத ஊரு."

"கேள்வியை விட்டுட்டுக் காட்சியைப் பாரம்மா" என்று நான் அதட்டினேன். கிருபாபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சீனவலைகள் நீருக்குள் இறங்குவதையும் ஏறுவதையும் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். நான் இறங்கவேண்டிய படித்துறையை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காயல் கடலோடு சேரும் இடம் வந்ததும் படகோட்டி இஞ்சினை நிறுத்தினான். சத்தம் அடங்கியது. இனி அவன் குரல் பின்வரிசை வரை கேட்கும்.

"இந்த முகத்துல வள்ளம் கவுந்து போனவங்க நெறைய" என்றான் ராபர்ட். "அதனால இங்க வாரவங்க கையில நான் ஒரு பூ குடுப்பேன். ஒங்க வீட்டுல செத்தவங்க ஒருத்தர் பேரச் சொல்லித் தண்ணியில போடுங்க. இது என்னோட வழக்கம், வேற ஒண்ணுமில்ல."

தட்டில் நந்தியாவட்டைப் பூக்கள். ஒவ்வொருவரிடமும் வந்து, ஒரு பூவை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கொடுத்தான். அவன் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. தடுக்க நான் எழுந்தேன். அதற்குள் அவன் பின்வரிசைக்குப் போய்விட்டான்.

தேவகிருபை உள்ளங்கையில் விழுந்த பூவைத் திருப்பிப் பார்த்தாள். காம்பு இருந்த இடத்தை விரலால் தொட்டாள். பிறகு அவன் நகத்தைப் பார்த்தாள். முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். வில்சன் தன் தாயின் பெயரைச் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அவள் முறை வந்தது.

"பேரச் சொல்லும்மா" என்றான் அவன்.

அவள் பூவை விரல்களுக்குள் மூடிக்கொண்டாள்.

"ஏட்டி, வருசா வருசம் கல்லறையில சொல்லுததுதான?" என்றாள் கிருபாபாய்.

"நான் சொல்லக்கூடாதுக்கா" என்றாள் தேவகிருபை. பிறகு என்னை நேராகப் பார்த்தாள். பதினேழு வருடத்தில் அவள் என் கண்ணைப் பார்த்தது அன்றுதான். "அத்தான், நீங்க சொல்லுங்க. ஒங்களால சொல்ல முடியும்லா."

மற்றவர்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் புரிந்தது. அவனுக்கும்.

பன்னிரண்டு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு அடி தள்ளி என் தம்பி தட்டோடு நின்றான். ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் போதும். அப்பாவின் பொய் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்திருக்கும். அவளுடைய வெள்ளைச் சேலையும் அன்றோடு போயிருக்கும். நான் முதுகை நிமிர்த்தி, அணிவகுப்பில் கூப்பிடுவது போல, "ஞானரத்தினம்" என்றேன். என் பூவை நீரில் போட்டேன்.

"இருக்கேன்" என்றது ஒரு குரல். மிக மெதுவாக. எனக்கு மட்டும் கேட்டதா என்று இன்றுவரை தெரியாது. எல்லோருடைய பூக்களும் கடலை நோக்கிப் போயின. என்னுடையது படகின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு கரைவரை கூடவே வந்தது. தேவகிருபை தன் பூவை நீரில் போடவில்லை.

படித்துறையில் எல்லோரும் இறங்கினார்கள். அவள் மட்டும் இறங்கவில்லை.

"வா" என்றேன்.

"நீங்க போங்க அத்தான்."

"ஊருக்கு என்ன சொல்ல?"

"அந்தக் கல்லுல அவிய பேரு தனியாக் கெடக்கு. எம்பேரையும் கூட வெட்டிருங்க. ஒங்களுக்கு அது பழக்கந்தான." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அவன் ஓலைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்திருந்தான். இஞ்சின் சத்தம் கிளம்பியது.

மிஷன் ஆஸ்பத்திரியில் ஊழியத்துக்குத் தங்கிவிட்டாள் என்று வில்சனிடம் சொன்னேன். நான்கு மாதம் கழித்துக் காய்ச்சலில் இறந்தாள் என்று சபையில் சொன்னேன். அவள் சொன்னபடியே கல்லில் பெயரை வெட்டினேன். கீழே என் பெயருக்கு இடம் விட்டேன். குடும்பத்தின் மேல் ஒரு சொல் விழவில்லை. அதன்பின் ஒவ்வொரு பிப்ரவரியும் இரண்டு பெயர்களையும் நானே வாசித்தேன். வாசிக்கும்போது யாரோ பதில் சொல்வதற்காக ஒரு நொடி நிறுத்துகிறேன் என்று கிருபாபாய் சொல்கிறாள். நான் நிறுத்துவதில்லை.

இந்த வருடம் ஜெபத்துக்கு நான்தான் முதலில் போனேன். கல்லின் மேல் ஒரு நந்தியாவட்டை இருந்தது. காம்பு கிள்ளியிருந்தது. அது அவன் பெயரின் மேல் இல்லை, அவள் பெயரின் மேலும் இல்லை. கீழே, வெற்றிடத்தில் இருந்தது.

மணியடிக்கும் கோயில் பிள்ளை ஜேசுதாசனைக் கூப்பிட்டேன். "யாரு வந்தது?"

"யாரும் வரலியே ஐயா. ரயில்ல வாரவங்களும் இன்னும் வரல, கொல்லம் வண்டி இப்பத்தான போச்சு." அவன் குனிந்து பார்த்தான். "காத்துல விழுந்திருக்கும். எடுத்துப் போடட்டா?"

பக்கத்தில் நந்தியாவட்டைச் செடி கிடையாது.

"இருக்கட்டும்" என்றேன்.

சபையார் வந்து சூழ்ந்தார்கள். இரண்டு பெயர்களையும் வாசித்தேன். குரல் உடையவில்லை. மூன்றாவதாக ஒரு பெயருக்கு என் வாய் தானாகத் திறந்தது, மூடிக்கொண்டேன்.