எண்பத்தெட்டு டிகிரியில் ஒரு பானைச் சோறு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது.

லா பாஸில் என் பக்கத்து அறைக்காரி துனியா மோயே. இயற்பியல் முதுகலையில் சேர்ந்து ஐந்தாவது வாரம். அதுவரை அந்தச் சுவரில் விசும்பல் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் சிரிப்பு கேட்டது. தனியாக, விட்டு விட்டு, அடக்க முடியாத சிரிப்பு. வாரப் பத்திரிகையில் கொலைத் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன் காதில் இது விழுந்தால் சும்மா இருப்பானா? கதவைத் தட்டினேன். கேட்டேன். சொன்னாள். எழுதிக்கொள்ளவும் சம்மதித்தாள். ஒரே ஒரு நிபந்தனை.

"யாரையும் கொல்லக் கூடாது, சார்."

"ஒருத்தரைக்கூடவா?"

"ஒருத்தரைக்கூட."

என் வலது கையை வெட்டி எடுத்தது போலிருந்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

ஆய்வகக் கதவைத் திறந்த துனியா வீறிட்டாள். தரையில், ரத்த வெள்ளத்தில், கிடந்தது ஒரு—

(துடைப்பம். வரியை அடித்துவிட்டேன்.)

இரண்டாம் முயற்சி:

அவள் பைக்குள் அந்தக் காகிதம் இருந்தது.

இது நிஜம். விலகல் படிவம். கையெழுத்துகூடப் போட்டாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அலுவலகத்தில் கொடுத்துவிட்டால், படிப்பில் சேரவே இல்லை என்று கணக்கு. எந்தக் கறையும் ஒட்டாது. ஞாயிறு காலைப் பேருந்தில் ஏறினால் சொந்த ஊர், டிரினிடாட்.*

* கடலும் தீவும் கண்ணில் தெரிந்தால் அழித்துவிடுங்கள். அது வேறு. இது எங்கள் பொலிவியாவின் சமவெளியில் இருக்கிற டிரினிடாட். வெயில், ஆறு, மாடு, மோட்டார் சைக்கிள்.

3

ஊரில் ஓடிய வேகத்திலேயே இங்கும் ஓடினாள். லா பாஸின் மூவாயிரத்து அறுநூறு மீட்டர் உயரம் அவளுக்கு வெறும் எண். விடிவதற்குள் எழுந்தாள். நாளுக்கு ஏழு ஆய்வுக் கட்டுரை. மதியச் சாப்பாடு நேர விரயம். செங்குத்துப் படிக்கட்டில் ஏறிக்கொண்டே பாடக் குறிப்பைப் புரட்டுவாள். மேல்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவாள். வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் புரிந்தது. இவளுக்குத் தலை வலித்தது.

"ஊர்ல நான்தான் முதல் மார்க். இங்க வந்து பாத்தா மக்கு, சார்."

இதைச் சொன்னபோது அவள் கண்களில் நீர் தளும்பியது.

[படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதித் தந்தாள்: "வெங்காயம் நறுக்கிட்டிருந்தேன். ஒழுங்கா எழுதுங்க."]

4

அந்தத் திங்கட்கிழமை மதியம், ஆய்வகத்தில் ஆப்தாபி. எங்கள் மலைப்பக்கத்து வழக்கம். கோடு போட்ட கம்பளித் துணியைத் தரையில் விரிக்க வேண்டியது. அவரவர் கொண்டுவந்ததை அதன் மேல் வைக்க வேண்டியது. அவித்த உருளைக்கிழங்கு, மொச்சை, சோளம், பாலாடைக்கட்டி. வைத்த பிறகு எதுவும் யாருடையதும் இல்லை. எல்லோரும் எல்லாவற்றையும் தின்ன வேண்டும். ஒதுக்குவது மட்டும் ஆகாது.

துனியா வைத்தது மஹாதீத்தோ. உப்புக்கண்டம் போட்டுக் கிளறிய சோறு, மேலே பொரித்த வாழைப்பழம், முட்டை. அவள் அம்மாவின் அளவு, அம்மாவின் கணக்கு: மூடி போட்டு இருபது நிமிடம்.

பதினோரு பேர் வாயில் வைத்தார்கள்.

கறுக்.

யாரும் துப்பவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. துனியாவின் காது மடல் சிவந்தது. கடைசியில் வாய் திறந்தவன் இரண்டாம் வருடத்து ரோமுலோ தார்கி.

"ஏய் கம்பா, உங்க சமவெளியில எல்லாருக்கும் இரும்புப் பல்லா?"

"வாய மூடிக்கிட்டுத் தின்னு, கோயா." (கம்பா என்றால் சமவெளிக்காரர், கோயா என்றால் மலைக்காரர். எங்கள் நாட்டுக் கேலி.)

"தின்னுட்டுதானே இருக்கேன். இன்னும் ரெண்டு கரண்டி போடு." கறுக். "ஒண்ணு கேக்கணும். உன்னோட முதல் வீட்டுப்பாடத்தத் திருத்தினது நான். நூத்துக்கு நூறு போட்டேன். மூணாவது கேள்வி ஞாபகம் இருக்கா?"

துனியாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

மூன்றாவது கேள்வி: இந்த ஊர்க் காற்றழுத்தத்தில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?

"எண்பத்தெட்டு" என்றாள்.

"உங்க ஊர்ல?"

"நூறு."

"அப்போ இருபது நிமிஷம் போதும்னு யார் சொன்னா?"

"...அம்மா."

(பதினோரு பேர் சிரித்த சிரிப்பில் ஒருவருக்குப் புரை ஏறிவிட்டது. முகம் நீலமானது. எனக்கு வேண்டிய மரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நிபந்தனை நினைவுக்கு வந்தது. அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டேன்.)

5

ரோமுலோ மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவன்தான் வில்லன். துனியாவின் அளவீடுகளைத் திருடி, பேராசிரியரிடம்—

நடக்கவில்லை. படிக்கட்டில் அவள் பையை வாங்கிச் சுமக்கிறவனை வில்லனாக்குவது எப்படி? சரி, காதலனாக்கலாம் என்று பேனாவைத் திருப்பினேன்.

"அவனுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிடுச்சு. அந்தப் பொண்ணுதான் உருளைக்கிழங்கு அவிச்சுக் குடுத்தனுப்பிச்சா. நல்லா வெந்திருந்துச்சு."

ஆக, வில்லனும் இல்லை, காதலும் இல்லை, பிணமும் இல்லை. இருப்பது பைக்குள் ஒரு காகிதம். அதுவும் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்.

6

செவ்வாய்க்கிழமை அவள் மூன்று கட்டுரைதான் படித்தாள். வானம் இடிந்து விழவில்லை. மூன்றாவது புரிந்தது, அதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிக்கொண்டாள். புதன்கிழமை மதியம் சூப் குடித்துவிட்டு வெயிலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். கையில் புத்தகம் இல்லை. படிக்கட்டில் பாதி வழியில் நின்று, எதிர்மலையில் கேபிள் கார் ஊர்வதைப் பார்த்தாள். தலைவலி வந்தது, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

வியாழக்கிழமை ஊருக்குப் பேசினாள்.

"அம்மா, இங்க அரிசிக்கு முப்பத்தஞ்சு நிமிஷமாம். தண்ணியும் கூட வைக்கணுமாம்."

"அம்மாடி! அதுவரைக்கும் நீ என்னடி பண்ணுவ?"

"சும்மா நிப்பேன்."

"நீயா?"

"நான்தான்."



"ஞாயித்துக்கிழமை பஸ்ஸுக்கு அப்பாவ அனுப்பட்டுமா, வேணாமா?"

"நாளைக்குச் சொல்றேன்மா."

(இங்கே ஒரு தத்துவம் எழுதி வைத்திருந்தேன். வாழ்க்கை, பொறுமை, ஆவி என்றெல்லாம் வந்தது. சகிக்கவில்லை. கிழித்துவிட்டேன்.)

7

வெள்ளிக்கிழமை. ஆய்வகத்து கேஸ் அடுப்பில் பானை ஏறியது. மூடி போட்டபோது மணி மூன்று இருபத்தைந்து.

(இந்த நேரத்தை நான் இட்டுக்கட்டவில்லை. என் தொழிலில் கடிகாரத்தைத் தள்ளி வைப்பது சகஜம்தான். ஆனால் இது அவளே வைத்தது. "நாலு மணிக்கு வேகற மாதிரி ஏன் வச்சீங்க?" என்று கேட்டேன். சிரித்தாள்.)

அலுவலகம் இரண்டு மாடி கீழே. நான்கு அடித்ததும் கதவை இழுத்துச் சாத்திவிடுவார்கள்.

ரோமுலோ துணியை விரித்தான். "பல் டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், கம்பா. பதினோரு பேருக்கும் சேத்து."

"பன்னண்டுன்னு சொல்லு. நானும் திங்கணும்ல."

மூன்று நாற்பத்தைந்து. அம்மாவின் கணக்கு முடிந்தது. துனியா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கீழே போவதானால் அடுப்பை அணைத்தாக வேண்டும். பற்றவைத்தவர் எரியும் கேஸை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது ஆய்வகச் சட்டம். அணைத்தால், கறுக்.

முடிவு (அ): அவள் அடுப்பை அணைத்துவிட்டு, படிகளில் தடதடவென்று—

முடிவு (ஆ): பையை ஆணியில் மாட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு—

இரண்டையும் பாதியில் நிறுத்திவிட்டேன். எது நடந்தது என்று எனக்குத் தெரியும், சுவர் இருக்கிறதே. சொல்லப்போவதில்லை. ஐந்து வாரமும் அவளை அவசரப்படுத்தாதவர் யாரும் இல்லை. நானும் சேர்ந்துகொள்ள வேண்டாம்.

மணி மூன்று ஐம்பது. ஆவி மூடியை மெல்ல ஆட்டுகிறது. உப்புக்கண்ட வாசனை. பானை இப்போது உங்கள் முன்னால் இருக்கிறது.

எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில்லுங்கள். மூடியை மட்டும் தூக்கிப் பார்த்துவிடாதீர்கள்.