கதவைச் சாத்தியது யார்

சின்னவளின் தலையில் கடைசிப் பின்னலை முடிந்துகொண்டிருந்தபோதுதான் குழுத் தலைவி ஒப்பனை அறைக் கதவை ஒரு சாண் திறந்து, "கொஞ்சம் வெளியே வந்துட்டுப் போறீங்களா?" என்று பெரியவளைக் கூப்பிட்டாள். வாயில் கவ்விய கொண்டை ஊசிகளோடு பெரியவள் திரும்பிப் பார்த்தாள். குழுத் தலைவி சிரித்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் அது கண்ணாடியில் தெரிந்த சின்னவளுக்கான சிரிப்பு. பெரியவளைப் பார்த்த கண்ணில் சிரிப்பு இல்லை.

"அசையாம உட்காரு. உன் தலையில அடிச்சிருக்கற ஸ்ப்ரேக்கு, மேடையில நெருப்பு விடறப்ப நாலடி தள்ளியே நில்லு" என்று பல்லிடுக்காலேயே தங்கையிடம் சொல்லிவிட்டுப் பெரியவள் வெளியே வந்தாள்.

அக்கா தங்கை இருவருக்கும் வீட்டில் பெரியவள், சின்னவள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெரியவள் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் வைத்துப் பிழைப்பவள். சின்னவள் பாடகி, பாட்டும் அவளே எழுதுவாள், மெட்டும் அவளே போடுவாள். நாட்டுக்கொரு பாட்டாக அனுப்பி மோதும் அந்தப் பெரிய போட்டிக்கு இந்தத் தடவை அவள் பாட்டைத்தான் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தார்கள். "என் தலையில எங்கக்காவைத் தவிர வேற யாரும் கை வைக்கக் கூடாது" என்று அவள் ஒற்றைக் காலில் நின்றதால் நாட்டுக் குழுவில் பெரியவளுக்கும் ஓர் அடையாள அட்டை கிடைத்தது.

பாட்டின் கதை பெரியவளுடைய கதை. வினையே அங்கேதான் இருந்தது.

"சாத்தினது நான்தான், சாவி என் கைலதான்" என்பது பல்லவி. மேடை நடுவே சக்கரம் வைத்த ஓர் ஆளுயரக் கதவு நிற்கும். பல்லவி முடியும்போதெல்லாம் சின்னவள் அதை ஓங்கிச் சாத்துவாள். சாத்துகிற சத்தம் ஏற்கெனவே இசையோடு பதிவாகியிருக்கும். கடைசித் தடவை இரண்டு பக்கமும் நெருப்பு சீறும். எந்தெந்தத் தேசத்திலோ பெண்கள் இந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக் கதவு, கார்க் கதவு, ஃபிரிட்ஜ் கதவு என்று எல்லாவற்றையும் சாத்திப் படம் எடுத்துப் போட்டார்கள். நிருபர்கள் கேட்டபோதெல்லாம் சின்னவள் பெருமையாகச் சொன்னாள்: "எங்கக்கா அவ புருஷன் மூஞ்சியில கதவைச் சாத்திட்டு வந்தா. அதுதான் இந்தப் பாட்டு." பக்கத்தில் நிற்கும் பெரியவள் அப்போதெல்லாம் தன் நகத்தைப் பார்த்துக்கொள்வாள்.

வெளியே நடைபாதையில் வேறு ஏதோ நாட்டின் ஆட்டக்காரர்கள் வெள்ளிச் சட்டையோடு சுவரில் காலைத் தூக்கிவைத்து உடம்பை வளைத்துக்கொண்டிருந்தார்கள். குழுத் தலைவி அவர்களைத் தாண்டி, உடைகள் தொங்கும் கம்பிகளுக்குப் பின்னால் பெரியவளை ஒதுக்கிக்கொண்டு போய்ச் செல்போனை நீட்டினாள்.

"நம்ம ஊர் டிவியில இப்பத்தான் ஓடுச்சு. பதறாம பாருங்க."

திரையில் அவளுடைய முன்னாள் புருஷன் உட்கார்ந்திருந்தான். அதே கூடம். பின்னால் தொங்கிய திரைச்சீலைகூட அவள் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியதுதான். அவன் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து பேசினான்.

"அவளா சாத்தினா? நான்தாங்க வெளியே தள்ளிச் சாத்தினேன். ரொம்ப நேரம் தட்டித் தட்டி அழுதா. பில்டிங் முழுக்கக் கேட்டுச்சு. வேணும்னா அக்கம்பக்கத்துல விசாரிச்சுப் பாருங்க."

பேட்டி எடுத்தவன் சிரித்தான். அவனும் சேர்ந்து சிரித்தான்.

கொண்டை ஊசிகள் இன்னும் வாயிலேயே இருப்பது பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"இது பொய்தானே?" என்றாள் குழுத் தலைவி.

பெரியவள், "சின்னவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அவ போனை நான் காலையிலயே வாங்கி வச்சுட்டேன். ஆனா பாடிட்டு இறங்கின உடனே வரிசையா மைக்கை நீட்டுவாங்க. அதுக்குள்ள நாம முந்திக்கணும். 'அவர் சொல்றது பொய்'னு உங்க பேர்ல ஒரே ஒரு வரி. நானே போட்டுக்கறேன். நீங்க சரின்னு சொன்னாப் போதும்."

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது அந்தச் 'சரி'. சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்தது. எத்தனையோ பேர் இவள் பக்கம் நின்று அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள்.

ஆனால் அவன் சொன்னதுதான் நடந்தது. அன்றைக்கு ஒரு பையை நடையில் எறிந்து, இவள் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டுச் சாத்தினான். இவள் தட்டினாள். முதலில் கோபமாக, அப்புறம் கெஞ்சலாக, அப்புறம் என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல். எதிர்வீட்டுக் கதவு திறந்தது, மூடியது. மாடியிலிருந்து இறங்கி வந்தவர் இவளைச் சுற்றிக்கொண்டு போனார். மறுநாள் தங்கையின் விடுதி அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது சின்னவள் கேட்டாள், "என்னக்கா ஆச்சு?" அப்போது அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண். பயந்து போய் நின்ற அந்த முகத்தைப் பார்த்ததும் பெரியவளுக்கு வாயில் வேறு கதை வந்துவிட்டது. "போதும்டா சாமின்னு அவன் மூஞ்சியிலயே கதவைச் சாத்திட்டு வந்துட்டேன். சுவத்துல இருந்து சுண்ணாம்பு உதிர்ந்துச்சு." சின்னவளின் கண் விரிந்தது. அந்தக் கண்ணைப் பார்க்கப் பார்க்கக் கதையும் வளர்ந்தது. அது பாட்டாகும் என்று யார் கண்டார்கள்? பாட்டாகி முதல் தடவை காதில் விழுந்தபோதே சொல்லியிருக்கலாம். அன்றைக்கு மென்று முழுங்கினாள். அப்புறம் ஒவ்வொரு படியாக அது மேலே ஏற ஏற, முழுங்கியது உள்ளேயே நின்றுவிட்டது.

"தலையை முடிச்சுட்டு வந்து சொல்றேன்" என்றாள் பெரியவள்.

"நேரமில்லைங்க."

"தலை பாதியில நிக்குது. முடிச்சுட்டு வர்றேன்."

உள்ளே சின்னவளின் காதில் ஒலிக்கருவியைப் பொருத்தி, கழுத்துக்குப் பின்னால் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு ஒலிக்காரர் அப்போதுதான் வெளியே போனார். பெரியவள் பின்னலைக் கையில் எடுத்தாள். தேவைக்கு மேல் இறுக்கி இழுத்தாள்.

"அய்யோ, வேரோட பிடுங்காதே. மேடம் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லை."

"உன் 'ஒண்ணுமில்லை' எனக்குத் தெரியாதா? சொல்லுக்கா."

பெரியவள் கண்ணாடியைப் பார்த்தாள். இதை இப்போது சொன்னால் மேடையில் இவள் என்ன ஆவாள்? சொல்லாவிட்டால் கீழே இறங்கியதும் முன்பின் தெரியாத ஒருவன் மைக்கை நீட்டிச் சொல்வான், உலகம் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டில் எது கொடுமை என்று அவளால் எடைபோட முடியவில்லை. வாய்தான் முந்திக்கொண்டது.

"கதவை நான் சாத்தலை."

"எந்தக் கதவை?"

"அன்னைக்கு. அவர்தான் என்னை வெளியே தள்ளிச் சாத்தினார். இப்ப டிவியில உட்கார்ந்து அதைச் சொல்லிட்டாரு. அவர் சொல்றது நெஜம்."

சின்னவள் திரும்பவில்லை. கண்ணாடி வழியாகவே பார்த்தாள். பூசியிருந்த பளபளப்புக்குக் கீழே முகம் வெளுத்தது தெரிந்தது.

"என்கிட்ட ஏன் அப்படிச் சொன்னே?"

"நீ பயந்துபோய் நின்னே. எனக்கும் வெட்கமா இருந்துச்சு."

"பாட்டு எழுதினப்ப சொல்லியிருக்கலாம். ஊர்ல தேர்ந்தெடுத்தப்ப சொல்லியிருக்கலாம். போன வாரம் சொல்லியிருக்கலாம்." சின்னவளின் குரல் ஏறவில்லை, ஏறினால் தொண்டை போய்விடும் என்று பழகிய அடக்கம். அதுதான் பெரியவளை இன்னும் குத்தியது. "எத்தனை பேர்கிட்ட நான் எங்கக்கா எங்கக்கான்னு மார்தட்டியிருக்கேன்?"

"உனக்காகத்தான்டி பேசாம இருந்தேன்."

"எனக்காக இல்லை. நான் உன்னைப் பார்க்கற பார்வை மாறிடுமேன்னு இருந்தே."

அது உண்மைதான்.

கதவு தட்டப்பட்டது. தலையில் ஒலிவாங்கி மாட்டிய மேடை உதவியாளன் ஒருவன் எட்டிப் பார்த்து, கிளம்ப வேண்டும் என்று சைகை காட்டினான். சின்னவள் எழுந்தாள்.

"அந்த வரியை மாத்திப் பாடட்டுமா?"

"மாத்தினா போட்டியிலருந்தே தூக்கிடுவாங்க. எழுதிக் கொடுத்ததைத்தான் பாடணும்னு உனக்குத் தெரியாதா? பேசாம போய்ப் பாடு. ஜெயிச்சுட்டு வந்து என்னைத் திட்டு."

சின்னவள் உதவியாளன் பின்னால் போனாள். கடைசி ஊசி குத்தப்படாமலே பெரியவளின் கையில் இருந்தது.

நடையில் குழுத் தலைவி காத்திருந்தாள். பெரியவள் தலையை ஆட்டி, "என் பேர்ல அந்த வரி வேண்டாம்" என்றாள். குழுத் தலைவி அவளையே உற்றுப் பார்த்துவிட்டு, "அப்போ…" என்று தொடங்கி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

மேடைக்குப் பின்னால் ஒரு சின்னத் திரை இருந்தது. ஆட்கள் கதவை உருட்டிக்கொண்டு போய் நிறுத்திச் சக்கரத்தைப் பூட்டிவிட்டு ஓடி வந்தார்கள். பெரியவள் ஒரு மரப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளக்கு வந்தது.

முதல் வரியில் சின்னவளின் குரல் கால் பிசகியதுபோல் லேசாகத் தடுமாறியது. குழுத் தலைவி கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது வரியில் குரல் நேராகிவிட்டது. முதல் பல்லவியில் கதவைச் சாத்தினாள். அரங்கமே கூடச் சேர்ந்து "சாத்தினது நான்தான்" என்று கத்தியது. அத்தனை ஆயிரம் வாய்கள் தன் பொய்யைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பெரியவள் நின்றாள். இரண்டாம் பல்லவி. சாத்தினாள், ஆனால் கை தாமதித்தது. சத்தம் முந்திக்கொண்டது.

கடைசிப் பல்லவி வந்தது. சின்னவள் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். பாட்டை உள்ளபடியே, ஓர் எழுத்துகூட மாற்றாமல் பாடினாள். ஆனால் கதவைச் சாத்தவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டு நின்றாள். கதவு திறந்தபடியே இருக்க, பதிவு செய்திருந்த சத்தம் மட்டும் படாரென்று கேட்டது. நெருப்பு சீறியது. எங்கே போவதென்று தெரியாமல் காமிரா காலியாகக் கிடந்த வாசலையே காட்டிக்கொண்டிருந்தது.

"மறந்துட்டாளா?" என்று யாரோ கேட்டார்கள்.

"போச்சு" என்றாள் குழுத் தலைவி.

இறங்கி வந்த சின்னவளைப் பெரியவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "யாருடி உன்னை அப்படிப் பண்ணச் சொன்னது? ஜெயிக்கிற பாட்டு."

"எனக்குச் சாத்த வரலை" என்றாள் சின்னவள். உதட்டுச் சாயம் முகவாயில் இழுபட்டிருந்தது. "நான் வேணும்னு பண்ணலை. கை வரலை."

அதற்குள் மைக்குகள் வந்துவிட்டன. குழுத் தலைவி நடுவில் புகுந்து பார்த்தாள், நடக்கவில்லை. முன்னாள் புருஷன் பேட்டியைச் சொல்லி ஒருவர் கேட்டார். சின்னவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "பாட்டைப் பத்தி என்னைக் கேளுங்க. அதை அவகிட்ட கேளுங்க. சொல்ல இஷ்டமில்லைன்னா விட்டுடுங்க."

இத்தனை விளக்கும் தன் முகத்தில் அடிப்பது பெரியவளுக்கு அதுதான் முதல் தடவை. ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் நின்றாள்.

"அவர் சொன்னது நெஜம்தான். அவர்தான் சாத்தினார். நான் தட்டினேன். என் தங்கைகிட்ட நான்தான் மாத்திச் சொன்னேன், அவ மேல தப்பில்லை."

"ரொம்ப நேரம் அழுதீங்கன்னு சொல்றாரே. என்ன சொல்லி அழுதீங்க?"

"அதைச் சொல்ல மாட்டேன்" என்றாள் பெரியவள்.

இன்னொருவர் அதையே வேறு விதமாகக் கேட்டார். "சொல்ல மாட்டேன்னேனே" என்று மறுபடியும் அதே குரலில் சொல்லிவிட்டு, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

நடுவர்கள் முந்தைய நாள் ஒத்திகையைப் பார்த்தே மதிப்பெண் போட்டுவிட்டதால் அவர்கள் கணக்கில் பாட்டு இரண்டாம் இடத்தில் இருந்தது. மக்களின் வாக்கு வந்ததும் ஏழுக்கு இறங்கியது. வென்றது வெள்ளிச் சட்டைக்காரர்கள். சின்னவள் அவர்களைக் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டு வந்து, உடை மாற்றும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து குலுங்கி அழுதாள். அக்காவுக்காக அழவில்லை, தோற்றதற்காகத்தான் அழுதாள். பெரியவளுக்கு அது புரிந்தது. பக்கத்தில் போகாமல், தண்ணீர் பாட்டிலை மட்டும் திரைக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

மறுநாள் விமான நிலையத்தில் சின்னவள் அவளிடம் பேசவில்லை. பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். குழுத் தலைவிதான் இரண்டு பேருக்கும் நடுவே, "பசிக்குதா? ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.

விமானம் மேலே ஏறி, சீட் பெல்ட் விளக்கு அணைந்த பிறகு சின்னவள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னைக்கு ராத்திரி எங்கே இருந்தே? என் ரூமுக்கு மறுநாள்தானே வந்தே."

"பஸ் ஸ்டாண்டுல."

"தனியாவா?"

"பக்கத்துல ஒரு பொம்பளை இருந்தா. ஊருக்குப் போக வந்தவ. என்னைப் பார்த்துட்டு அவ பஸ்ஸை விட்டுட்டா."

சின்னவள் இந்தப் பக்கம் திரும்பி, காலை மடக்கி இருக்கையில் வைத்துக்கொண்டாள். "சொல்லு" என்றாள்.

பெரியவள் தொடங்கினாள். கோர்வையாக வரவில்லை, முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. நிருபரிடம் சொல்ல மறுத்த அந்த அழுகை வார்த்தைகளையும் சொன்னாள். கொண்டுவந்து வைத்த சாப்பாடு இரண்டு தட்டிலும் ஆறிக்கொண்டிருந்தது.