அடுத்த சைஸ் மரை

மனைவி பிரிந்து போனதிலிருந்து தம்பிக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. துளை போட்டு வரும் நட்டுகளுக்குள் கையால் மரை வெட்டுவது பட்டறையில் அவன் வேலை. பல் வைத்த எஃகுத் தண்டை அங்கே டேப் என்பார்கள். அதைத் துளைக்குள் இறக்கி, எண்ணெய் விட்டு, ஒரு சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே. பின்னே திருப்பினால்தான் உள்ளே சேரும் இரும்புச் சுருள் அறுந்து விழும். அவனோ முன்னே போனால் போய்க்கொண்டே இருந்தான். டேப்புகள் படக் படக்கென்று முறிந்தன.

"நட்டுக்கு மரை போடச் சொன்னா, இவனுக்கே மரை கழண்டு கிடக்கு!" என்றார் பட்டறைக்காரர். பட்டறையே சிரித்தது.

பக்கத்து மேசையில் நட்டுகளை போல்ட்டில் ஓட்டிப் பார்க்கும் அக்காவும் சிரித்துவிட்டாள். அவனைத் தவிர அவளுக்கு வேறு நாதியில்லை. அவன் பழையபடி ஆனால் போதும். அவன் முகம் சுண்டியதும் சமாதானம் சொன்னாள்.

"கழண்டா என்னடா? திரும்பப் போட்டுக்க வேண்டியதுதானே."

"போன மரையை அதே சைஸ்ல போட முடியாதுக்கா. ஓட்டையைப் பெருசாக்கி, அடுத்த சைஸ்தான் போடணும்."

தொழில் பேச்சுதான். ஆனால் காதைத் தடவிக்கொண்டே சொன்னான்.

மறுநாள் காலையில் அவன் தலையணையில் சுருள் கிடந்தது. இரும்புச் சுருள் என்றால் விரலைக் கிழிக்கும். இது வெட்டிய நகம் போல வெளுத்து, இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"என்னடா இது?"

"பின்னாடி திருப்பினேன். அறுந்து விழுந்துடுச்சு."

அன்று ஒரு டேப்கூட முறியவில்லை. "பரவால்லையே, பய தேறிட்டான்!" என்றார் பட்டறைக்காரர். அதன்பின் தினமும் தலையணையைத் துடைத்துச் சுருளைக் குப்பையில் போட்டாள் அக்கா. தேறுகிறவனை எதற்குக் கிளற வேண்டும்?

ஒரு மதியம் சாப்பாட்டு வேளையில் அவனைக் காணோம். தேடிப் போனால், பெட்டிகளுக்குப் பின்னால் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தான். கையில் ஒன்றுமில்லை. ஆனாலும் காதருகே கைப்பிடியைப் பிடித்தவன் போல இரு கைகளும் சுழன்றன. ஒரு சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே. எஃகு கடிபடும் கிறீச்சொலி தெளிவாகக் கேட்டது.

பாய்ந்து அவன் கைகளைப் பிடித்தாள். "போதும்டா! நல்லாயிட்டேடா நீ, நிறுத்து!"

அவன் நிமிர்ந்தான். ஜன்னல் வெளிச்சம் காதுக்குள் விழுந்தது. வளையம் வளையமாகப் பளபளத்து, ஒரு தலைக்குள் அடங்காத ஆழம் வரை மரை இறங்கியிருந்தது. துளிப் பிசிறில்லை.

"முடிஞ்சிடுச்சு. கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா?"

பேசத் தெரிந்த நாளிலிருந்து அவளிடம் அவன் 'நீ' என்றுதான் பேசியிருக்கிறான்.

"டேய், நான் அக்காடா."

அவன் மரியாதையாக யோசித்துப் பார்த்தான்.

"சொல்றது கேக்குதுங்க. உள்ளதான் பிடிக்க மாட்டேங்குது. லூசா சுத்துது."