பத்தாவது கட்டையின் மூலை

நல்லையா ஒன்பது கட்டைகளை முடித்துவிட்டுப் பத்தாவதைக் கண்ணாடித் துண்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். தேயிலைத் தோட்டத்துத் தச்சர் அவர். கதவுச் சட்டத்துக்கு அறுத்ததில் மிஞ்சிய பலாத் துண்டுகள் அவை. மனைவி சுந்தரம்மா, தான் ஆயாவாக இருந்து தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பிள்ளைக் காம்பராவுக்கு விளையாட்டுச் சாமான் வேண்டுமென்று மூன்று மாதமாக நச்சரித்திருந்தாள்.

"இந்த மூலை இன்னும் மொனையா இருக்கு. பிள்ளைங்க கையில குத்தும்," என்றாள் அவள், தடவிப் பார்த்து.

"தொரை வீட்டு மேசையக்கூட நான் இம்புட்டு இழைச்சதில்ல. மாத்தளைக்குப் போயி ஆணி வாங்கிட்டு வந்து தேச்சுத் தாரேன். பஸ் போயிரும்."

எண்பத்து மூன்றாம் ஆண்டு, ஜூலை மாதம். அன்றைக்குக் கலவரத்தில் மாத்தளையில் தமிழர் கடைத்தெரு எரிந்தது. நல்லையா திரும்பி வரவில்லை.

மூன்று வருடம் கழித்து சுவீடனிலிருந்து இங்கிரிட் என்றொரு வெள்ளைக்காரம்மா வந்தார். பள்ளிக்கூடம் போகிற வயது வராத பிள்ளைகளின் அறிவு எப்படி வளர்கிறது என்று நாடு நாடாகப் போய்ப் பார்க்கிறவர். அவர் வருவதற்கு இரண்டு நாள் முன்பே தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் அழகையா வந்து சேதி சொல்லிவிட்டார்.

"ஆயம்மா, பிள்ளைங்க நல்லா செஞ்சா நீங்கதான் இங்க. இல்லாட்டி டவுன்ல இருந்து படிச்ச ஆளு வரும். நீங்க கொழுந்துக் கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போக வேண்டியதுதான். தொரை சொல்லிட்டாரு."

"அந்தப் படிச்ச ஆளுக்கு ஒழுகுற மூக்குப் பதினொன்னத் தொடைக்கத் தெரியுமான்னு கேட்டுச் சொல்லுங்க!"

வாய்தான் அப்படிச் சொல்லிற்று. நல்லையா போன பிறகு தினமும் அவளை எழுப்பி நடக்கவைத்தது அந்த ஒரு காம்பராதான்.

சோதனை எளிமையானது. கட்டைகளால் ஒரு வீடு கட்ட வேண்டும். எத்தனை அடுக்கு உயர்கிறதோ அத்தனை புள்ளி. இருக்கிற பலாக் கட்டைகளே போதும் என்றார் இங்கிரிட். கூட வந்த ஹிதாயா, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண், தமிழில் எடுத்துச் சொன்னாள்.

முதலில் நாலு வயதுப் புஷ்பராணி. பத்துக் கட்டைகளையும் தரையில் ஒரே வரிசையாக ஒட்டி ஒட்டி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஒரு புள்ளி. அடுத்த பிள்ளையும் வரிசைதான். அதற்கடுத்ததும் அப்படியே.

"ஒண்ணு... ஒண்ணு... இதும் ஒண்ணுதான்," என்று வாசலில் நின்று முனகினார் அழகையா.

ஏழாவதாக ரவீந்திரன் உட்கார்ந்தான். சுந்தரம்மாவுக்குத் தாங்கவில்லை. வெள்ளைக்காரம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒரு கைமேல் இன்னொரு கையை வைத்துக் காட்டினாள்.

"என்னா ஆயம்மா, கை வலிக்குதா?"

"மேல மேல வையிடா," என்று பல்லைக் கடித்தாள்.

"மேல வச்சா மேல இருக்குற ஆளுங்க எப்புடி ஒண்ணுக்கு இருக்க எறங்குவாங்க?"

ஹிதாயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பினூடே அதை இங்கிலீசில் சொல்லியும் விட்டாள். சுந்தரம்மா கையைச் சேலைக்குள் ஒளித்தாள். போயிற்று, இனிக் கூடைதான்.

ஆனால் இங்கிரிட் பென்சிலை வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ரவீந்திரனும் வரிசையாகவே வைத்திருந்த கட்டைகளைக் காட்டி, இது யார் வீடு, அது யார் வீடு என்று ஹிதாயா மூலமாகக் கேட்டார்.

"இது எங்க வீடு. இது புஷ்பராணி வீடு, இவங்கப்பா கொறட்டை எங்களுக்குக் கேக்கும்."

"பொய்யி! அது உங்கப்பா கொறட்டை!" என்றாள் புஷ்பராணி.

"இது ஆடு வச்சிருக்குறவங்க." விரல் ஒவ்வொரு கட்டையாகத் தொட்டு நகர்ந்தது. "கடைசியில, பீலிக்குப் பக்கத்துல, ஆயம்மா வீடு. இதோட மொனைய செவத்துப் பக்கம் பாத்துத்தான் வக்கணும், குத்தும். நல்லையா மாமா ஆணி வாங்கப் போயிருக்காரு. வந்து தேய்ப்பாரு."

மூன்று வருடமாகப் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லி வந்தவள் சுந்தரம்மாதான். பையன் சொன்னதையும் ஹிதாயா இங்கிலீசில் சொன்னாள்.

இங்கிரிட் எழுந்து வாசலுக்குப் போனார். எதிரே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம். ஒரே தகரக் கூரையின் கீழ் பத்துக் காம்பரா, ஓரத்தில் தண்ணீர் கொட்டும் பீலி. காலையில் அதைக் கடந்துதான் வந்திருந்தார். தரையைப் பார்த்தார், திரும்ப வெளியே பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"தன்னைப் படிக்கவச்ச செலவெல்லாம் வீணுங்கிறாங்க," என்றாள் ஹிதாயா.

அவர் தாளைத் திருப்பிப்போட்டு முதலிலிருந்து கேட்கத் தொடங்கினார். ஒரு பிள்ளைகூடப் பத்துக் கதவில் ஒன்றைத் தவறவிடவில்லை. புறப்படும்போது, நகம் தேய்க்கும் சின்ன அரத்தைப் பையிலிருந்து எடுத்துப் பத்தாவது கட்டையின் மூலையைத் தேய்க்கப் போனார். சுந்தரம்மா கட்டையை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"அது இருக்கட்டும்மா."

அடுத்த மாதம் அழகையா கடிதத்தோடு வந்தார்.

"பிள்ளைங்க எல்லாம் பாஸு. கேள்விதான் பெயிலு. கேள்விய மாத்தணும், ஆயம்மாவ மாத்தக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க. தொரையும் சரின்னுட்டாரு. உங்க கூடைய வேற யாருக்காச்சும் குடுத்துரவா?"

"நீங்களே வச்சுக்குங்க. மலை ஏறினா தொந்தி கரையும்!"

பிறகு காம்பராவுக்குப் புதுத் தகரக் கூரை வந்தது. வருடங்கள் போய், ரவீந்திரனின் மகளும் அங்கே வந்து உட்கார்ந்தாள். கட்டைகள் கை பட்டுப் பட்டுக் கறுத்து, ஓரங்கள் மழுங்கிப்போயின. பத்தாவதை மட்டும் பிள்ளைகள் முனை சுவர்ப் பக்கம் பார்க்கத்தான் வைக்கிறார்கள். அந்த மூலை இன்னும் குத்துகிறது.