9999 வரை பூட்டிய கட்டுரை

நூலகத்தின் பின்பக்க அறைக்குள் வந்த திருமதி ஹராவா முழங்காலை லேசாக மடக்கி வணங்கினார். யோத்தாமு முசிஸ்கா எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். ஆசிரியர்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கும்படி இணையத்தில் சேர்த்துவைக்கும் பல்கலைக்கழகக் களஞ்சியத்துக்கு அவர்தான் பொறுப்பு. பதினோரு வருடமாக அதே அறை, அதே ஜன்னல்.

“சனிக்கிழமை எங்க வீட்டுக்காரருக்குக் கல்லறைக் கல் திறக்கிறோம் அண்ணே. ஏரிக்கரையில, சிலும்பாவுல.”

“கேள்விப்பட்டேன் அம்மா.”

“மீன் காயவைக்கிற பொம்பளைங்க ஒருத்தரும் வரமாட்டேங்கிறாங்க. ‘எங்க வாயைக் கிண்டி எழுதிக்கிட்டுப் போனாரே, அது எங்க’ன்னு கேக்குறாங்க. எல்லாம் லைப்ரரியில யோத்தாமுகிட்ட பத்திரமா இருக்குன்னு சாகுறதுக்கு முன்னாடி சொன்னாரு. அதை எடுத்துக் குடுங்க. கையில குடுத்தாத்தான் வருவாங்க.”

யோத்தாமு கணினியில் தேடினார். மழைக்காலத்தில் உசிபா மீனைக் கெடாமல் உலர்த்தும் முறைகள் என்ற தலைப்பு திரையில் வந்தது. கீழே அவருடைய கணவர் டாக்டர் ஹராவாவின் பெயர். பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டு.

நான்கு வருடத்துக்கு முன் ஹராவா முதலில் கொண்டுவந்தது, வெளிநாட்டுப் பத்திரிகை அச்சிட்ட பிரதி. அதைப் போட நமக்கு உரிமை இல்லை, நீங்கள் அவர்களுக்கு அனுப்பிய கடைசிப் பிரதியைக் கொடுங்கள் என்று யோத்தாமு திருப்பி அனுப்பினார். ஹராவா ஒரு வாரம் வீடெல்லாம் தேடி அதையும் கொண்டுவந்தார். ஆசிரியரின் பிரதியைத் திறந்துவிட ஒவ்வொரு பத்திரிகையும் ஒரு காத்திருப்புக் காலம் வைத்திருக்கும். அது தெரியாதபோது திறக்கும் வருடம் 9999 என்று போட்டுவைப்பது அந்த அறையின் பழக்கம். பிறகு விசாரித்துத் திருத்திக்கொள்ளலாம். யோத்தாமு அப்படித்தான் போட்டார். விசாரிக்கவில்லை.

ஹராவா அவ்வப்போது ஜன்னலில் தலையை நீட்டுவார். “என்ன யோத்தாமு, என் பிள்ளை இன்னும் ஜெயில்லதானா? ஜாமீன்லயாவது விடக்கூடாதா?”

“காலம் முடியல டாக்டர். சட்டம்னா சட்டம்தான்.”

“நீ ஜட்ஜாப் போயிருக்க வேண்டிய ஆளுப்பா.”

இப்போதுதான், ஹராவாவின் மனைவி எதிரே உட்கார்ந்திருக்கும்போதுதான், அந்தப் பத்திரிகையின் விதிகளை யோத்தாமு முதல்முறையாகப் படித்தார். ஆசிரியர் தம் பிரதியைத் தம் பல்கலைக்கழகத்தில் உடனே திறந்து வைக்கலாம் என்று ஒரே வரியில் இருந்தது. காத்திருப்பே கிடையாது.

வருடத்தை மாற்றினார். பூட்டு மறைந்தது. அவ்வளவுதான் வேலை. அச்சு இயந்திரம் முப்பத்தொரு பக்கங்களைத் துப்பி முடித்தது.

‘காலம் இப்போதுதான் முடிந்தது’ என்று சொல்லிவிடலாம். அந்த வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்தது. இதே நாற்காலியிலிருந்து எத்தனை முறை சொன்னது. அவர் தாள்களை அடுக்கிக்கொண்டே, நடந்ததை நடந்தபடி சொன்னார்.

திருமதி ஹராவா தாள்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“கடைசி ரெண்டு வருஷம் அவரு அந்தக் கரைப்பக்கமே போகல அண்ணே. கரோங்காவுக்கு மினிபஸ்ல போவோம். சிலும்பா வந்ததும் தூங்குற மாதிரி கண்ணை மூடிக்குவாரு. நான் தூக்கம்னே நினைச்சேன்.”

“அம்மா…”

“என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? சனிக்கிழமை வாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க.”

சனிக்கிழமை பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முந்தின நாளே ஊர்ப் பள்ளி ஆசிரியை கட்டுரையை அவர்களுடைய தும்புக்கா மொழியில் வாய்விட்டுப் படித்துக் காட்டியிருந்தாள். யார் எந்த வழி சொன்னது என்று ஒவ்வொருத்தி பெயரும் அதில் இருந்தது. வெள்ளைத் துணி போர்த்திய கல்லின் பக்கத்தில் நின்று, பூட்டிவைத்தது தான்தான் என்று யோத்தாமு சொன்னார். ஏரிக்காற்று பாதியை அடித்துக்கொண்டு போனது.

முன்வரிசையில் இருந்த ந்யாகோண்ட்வே, பரணில் மீன் காயவைக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி, அவரை மேலும் கீழும் பார்த்தாள். “ஓகோ, அந்தப் பூட்டு நீதானா? பூட்டுன்னதும் நான் பெரிய ஆளா நினைச்சேன். உசிபா மாதிரி காஞ்சு கெடக்க!”

பெண்கள் சிரித்தார்கள். யோத்தாமுவுக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது. இன்னும் திட்டினால்கூட நன்றாக இருக்கும்போலத் தோன்றியது.

ஆனால் ந்யாகோண்ட்வேயின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

“கடைசியா வந்தப்ப நான் அவரை மூஞ்சிக்கு நேராத் திருடன்னேன். எங்க சட்டியில நசிமாக் களி தின்னுட்டு எங்க பேச்சைத் திருடி வித்தவன்னேன். ஒத்த வார்த்தை திருப்பிச் சொல்லல. கையைக் கழுவிட்டுக் கிளம்பிட்டாரு.” அவள் பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். “நீயும்தானடி சொன்ன.”

“நானும்தான் சொன்னேன்” என்றாள் அவள்.

ந்யாகோண்ட்வே திரும்பவும் யோத்தாமுவிடம் வந்தாள். “நீ இதைச் சொல்லாம இருந்திருக்கலாம் தம்பி. பேரைப் போட்டிருக்காரு, கடைசியில நல்லவர்தான்னு நினைச்சுக்கிட்டு வந்து பாடிட்டுப் போயிருப்போம்.”

யோத்தாமு உண்மையைச் சொன்னால் தன் பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் மலைமேல் இருக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து இறங்கி வந்திருந்தார். அது இறங்கவும் இல்லை. இவர்கள் தலையிலும் ஏறிவிட்டது.

போதகர் ஜெபித்து முடித்தார். திருமதி ஹராவா துணியின் நுனியைப் பிடித்து இழுத்தார். துணி விலகும்போது பெண்கள் பாடுவது வழக்கம். பாட்டை எடுத்துக்கொடுக்க வேண்டியவள் ந்யாகோண்ட்வே. அவள் வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். கல்லில் பேரும் தேதியும் தெரிந்தன. யாரும் பாடவில்லை.