சீதனக் குதிரை

பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் சுஜீதனின் அம்மா பவளத்துக்கு ஒரே வசனம்தான்: "நாங்கள் சீதனம் ஒண்டும் கேக்கேல்லை. பிள்ளைக்கு விருப்பமானதைக் குடுங்கோ." வீடு என்று அதற்கு அர்த்தம். அவர்கள் இருந்த ரோவில் பகுதித் தமிழர் எல்லாருக்கும் அது விளங்கும். நகரத்தின் மறுகோடியில், டார்னெய்ட்டில் பார்த்த வினுஷாவுக்கு மட்டும் விளங்கவில்லை, அல்லது விளங்காத மாதிரி இருந்தாள்.

"அப்ப என்ர குதிரையோட வாறன் அன்ரி," என்றாள்.

மிருக வைத்தியசாலையில் அவளுக்கு வேலை. அங்கே வந்துபோன, பிள்ளைகுட்டி இல்லாத ஒரு வெள்ளைக்காரக் கிழவி தன் குதிரையை அவள் பெயருக்கு உயில் எழுதிவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். காணியா, வீடா? வைக்கோல் தின்னும் சொத்து! பவளத்துக்கு மயக்கமே வந்தது.

சுஜீதனுக்கோ காதல் வந்தது. கௌபாய் கதை வாசித்தே கண்ணாடி போட்டவன் அவன். குதிரையும் சொத்தும் உள்ள பெண்ணை அந்தக் கதைகளில் யார் கட்டுவான்? வீரன்தானே! வாய் சும்மா கிடக்குமா?

"எனக்கும் குதிரை ஓடத் தெரியும்," என்று அவிழ்த்துவிட்டான். தெருவில் நாயைக் கண்டால் மறுபக்கம் போகிற ஆள்!

ஞாயிற்றுக்கிழமை தொப்பியும் சப்பாத்துமாக, வினுஷாவின் குதிரை நின்ற வயலுக்குப் போனான். குதிரை ஒரு தும்மல் தும்மியது, அவ்வளவுதான். ஐயா துள்ளிப் பின்வாங்கிச் சாணிக்குள் இருந்துவிட்டார்.

வினுஷா சிரிக்கவில்லை.

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"பயமெண்டு சொன்னா, என்னை விட்டிட்டுக் குதிரையை வைச்சிருப்பீங்கள் எண்டு நினைச்சன்."

"ஓம், அப்பிடித்தான் செய்திருப்பன்."

இவளை இழந்துவிட்டோம் என்று அவன் தொப்பியைக் கழற்றினான்.

"இப்பவும் பயமோ?" என்றாள்.

"ஓம். கால் நடுங்குது."

"அப்ப ஏன் ஓடிப்போகேல்லை?"

"நீங்கள் இஞ்ச நிக்கிறியள்."

வினுஷா சவள் மண்வாரியை எடுத்து நீட்டினாள். "இவவில ஒருத்தரும் ஏறுறேல்லை, வயசு போட்டுது. சாணி அள்ளுவீங்களோ?"

அவன் வாசித்த எந்த வீரனும் சாணி அள்ளியதில்லை. சுஜீதன் அள்ளினான். அள்ள அள்ளக் குதிரை போட்டுக்கொண்டே இருந்தது.

"இவ சாகுமட்டும் அள்ளவேணுமோ?" மூச்சு வாங்கக் கேட்டான்.

"இவ போனா இன்னொண்டு வாங்குவன்," என்றாள் வினுஷா. "நான் சாகுமட்டும் நீங்கள் அள்ளவேணும்."

இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சம்மதம் சொல்வாள்? சுஜீதன் மூலையில் கிடந்ததையும் சேர்த்து அள்ளினான்.